பைக்கும் ஸ்மார்ட்போனும் வைத்திருப்பவரை ஏழை என்று சொல்ல முடியுமா?

கேள்வி கேட்டவர், தம் தெருவில் ரேஷன் கடைக்குப் பைக்கில் வந்து, ஸ்மார்ட்போனில் பேசிக்கொண்டே விலையில்லா அரிசி வாங்கிச் செல்கிறவர்களைக் குறிப்பிட்டு, “இவர்கள் உண்மையில் ஏழைகள்தானா? இவர்களுக்கு அரிசியை நிறுத்தினால் என்ன?” என்று கேட்டிருக்கிறார். அவர்கள் ஏழைகளாக இருக்கலாம் என்பதும், அரிசியை நிறுத்தக் கூடாது என்பதும் என் பதில். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். யார் ஏழை என்பதை அரசு படிவத்தில் எப்படிக் கேட்கிறது, மக்கள் அதற்கு என்ன பதில் தருகிறார்கள் என்பதை அன்றாடம் பார்க்கிறவன் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அரசு வரைந்த கோடுகளிலிருந்து தொடங்கலாம். 1979இல் அறிக்கை அளித்த அலக் குழு, கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரியும் நகரத்தில் 2,100 கலோரியும் கிடைக்கும் அளவிலான செலவையே வறுமைக் கோடாக வைத்தது. பின்னர் வந்த டெண்டுல்கர் குழு கணக்கிடும் முறையை மாற்றியது. அந்த முறைப்படி, 2011 செப்டம்பரில், நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவழிக்க முடிகிறவர் வறுமைக் கோட்டுக்கு மேலே இருக்கிறார் என்று பொருள்படும் பிரமாணப் பத்திரத்தைத் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தபோது நாடே கொதித்தது. 2013இல், மும்பையில் 12 ரூபாய்க்கும் டெல்லியில் 5 ரூபாய்க்கும் வயிறாரச் சாப்பிடலாம் என்று காங்கிரஸ் பிரமுகர்கள் இருவர் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். (அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம் கிடைத்தது உண்மைதான், ஆனால் அது நட்டத்தை அரசு தாங்கிக்கொண்டு வைத்த விலை.) 2014இல் ரங்கராஜன் குழு அந்தத் தொகையைக் கிராமத்துக்கு 32 ரூபாயாகவும் நகரத்துக்கு 47 ரூபாயாகவும் உயர்த்திப் பரிந்துரைத்தது; அரசு அதை ஏற்று அறிவிக்கவே இல்லை.

இந்தப் பழைய கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 32 ரூபாயில் ஒரு மனிதன் எப்படி வாழ முடியும் என்று கொதித்த அதே வாய்கள்தாம், பைக் வைத்திருப்பவனுக்கு எதற்கு இலவச அரிசி என்றும் கேட்கின்றன. டெண்டுல்கர் கணக்கை 2011-12 விலைவாசியில் குடும்பத்துக்கு மாற்றிப் பார்த்தால், கிராமத்தில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் மாதம் 4,080 ரூபாய்க்கு மேல் செலவு செய்தால் அது ஏழைக் குடும்பம் இல்லை. இந்தக் கோடு மிகத் தாழ்வானது என்று நாம் ஒப்புக்கொள்கிறோம் என்றால், அதற்குச் சற்று மேலே, தவணையில் பைக் வாங்கி ஓட்டுகிற பெருங்கூட்டம் ஒன்று கஷ்டத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறோம். அரசு கோடு போடும்போது அது உயர வேண்டும் என்கிறோம். எதிர்வீட்டுக்காரருக்குச் சலுகை கிடைக்கும்போது அது தாழ வேண்டும் என்கிறோம்.

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களிடம் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால், “எல்லாருக்கும் போடுறதையே போடுங்க அண்ணே” என்பதே மிகுதியாகக் கிடைக்கும் பதில். நீண்ட காலம் அந்தத் தொகை 72,000 ரூபாயாக இருந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு 72,000 என்று இருந்ததால், ஊரில் பாதிப்பேரின் வருமானமும் அந்த எண்ணிலேயே போய் நின்றது. பின்னர் வரம்பு 1,20,000 ஆனதும் மக்களின் வருமானமும் ஒரே நாளில் உயர்ந்தது. சிரிக்கலாம், ஆனால் பொய் சொல்கிறார்கள் என்று மட்டும் முடித்துவிட முடியாது. மாதச் சம்பளம் இல்லாத ஒரு கொத்தனாரிடமோ பூக்கட்டி விற்கிற பெண்ணிடமோ ஆண்டு வருமானத்தை ஒரே எண்ணாகக் கேட்டால், அவர்களிடம் அப்படி ஓர் எண் உண்மையிலேயே கிடையாது. சித்திரையில் வேலை இருக்கும், ஐப்பசி மழையில் இருக்காது. ஒரு வாரம் கையில் ஐயாயிரம் புழங்கும், அடுத்த இரண்டு வாரம் கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுபக்கத்தில், 2019 ஜனவரியில் 103ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழி வந்த 10 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில், ஆண்டுக்கு 8 இலட்சத்துக்குக் கீழ் வருமானம் உள்ள குடும்பம் பொருளாதாரத்தில் நலிவுற்றது. அதாவது மாதம் ஏறத்தாழ 66,000 ரூபாய். அப்போது தனிநபர் வருமான வரிக்கான அடிப்படை விலக்கு வரம்பு 2.5 இலட்சமாக இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான வரம்பும் அதே 2.5 இலட்சம்தான். ஒரே நாட்டில் ஒரே காலத்தில் நலிவுக்கு இத்தனை அளவுகோல்கள் இருக்கும்போது, தெருவில் நின்று ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் நாம் தரும் தீர்ப்பு எந்த அளவுகோலைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி பைக்குக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கட்டட வேலைக்குச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் விடியற்காலையில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் சித்தாளையும் ஏற்றிக்கொண்டு இருபது, முப்பது கிலோமீட்டர் போகிறார்கள். முதல் பேருந்து வருவதற்குள் அங்கே வேலை தொடங்கிவிடும் என்பதால் வண்டி இல்லாதவனை மேஸ்திரி கூப்பிடுவதில்லை. எனவே கரண்டியும் தூக்குக்குண்டும் போல வண்டியும் அவர்களுக்குத் தொழிற்கருவிதான். தவணை கட்டி முடியும்வரை அதுவும் முழுதாக அவர்களுடையது இல்லை. போனின் கதையும் இதுவே. வங்கிக்கு ஓ.டி.பி., எரிவாயு உருளை பதிய போன், மேஸ்திரி வேலைக்கு அழைக்க போன், 2020இல் பள்ளிகள் மூடியபோது பாடம் கேட்கவும் போன். போன் இல்லாதவர் என் மையத்தில் எந்த விண்ணப்பத்தையும் எளிதில் முடிக்க முடியாது. போதாக்குறைக்கு, 2006இல் வண்ணத் தொலைக்காட்சியும் 2011இலிருந்து மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அரசே வழங்கிய மாநிலம் இது. வீட்டில் அவை இருப்பதைக் காட்டி வசதியை அளப்பது அரசு கொடுத்ததைக் கொண்டே அரசு உதவியை மறுப்பதாகும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் எல்லாம் எட்டும் விலைக்கு வந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத செலவுகள், குறிப்பாக வாடகை, தனியார் பள்ளிக் கட்டணம், மருத்துவமனைச் செலவு ஆகியவை, எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. அதனால் ஒரு வீட்டின் வாசலில் நின்று உள்ளே இருக்கும் நிலையை ஊகிப்பது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. என்னைக் கேட்டால், வாசலைவிட நகை அடகுச் சீட்டையும் தண்டல் நோட்டையும் பார்க்க வேண்டும் என்பேன். தண்டலில் 10,000 ரூபாய் வாங்கினால், முன்கூட்டியே 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000தான் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பத்து விழுக்காடு போலத் தோன்றினாலும், அன்றாடம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 80 விழுக்காட்டை ஒட்டி வரும். சம்பளக்காரர் வங்கியில் அதில் ஒரு சிறு பங்கு வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்குகிறார். தண்டல்காரர் மாலையில் நோட்டோடு வந்து நிற்கிற வீட்டின் வாசலிலும் பைக் நிற்கத்தான் செய்கிறது.

படிவத்தின் அளவுகோல்களும் இங்கேதான் தடுமாறுகின்றன. உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பம் தகுதியற்றது என்பது விதிகளில் ஒன்று. குளிர்சாதன வசதி உள்ள வீடுகளை வடிகட்டுவதற்கு அது ஏற்ற வழியாகத் தோன்றியிருக்கும். என்னிடம் மேல்முறையீடு செய்ய வந்த ஒரு பெண், “மீட்டரு மாமனார் பேர்ல இருக்குண்ணே. ஒரே வீட்டுல மூணு அடுப்பு எரியுது, ஒரு மீட்டருதான்” என்றார். கொழுந்தன்மார் இருவரின் குடும்பங்களும் அதே மீட்டரில்தான். தனி மீட்டர் வாங்கப் பணம் இல்லாத காரணத்தாலேயே அவர் வசதியானவர் ஆகிப்போனார். உடைந்த திரையை டேப் ஒட்டி வைத்திருந்த அவருடைய போனில் ஓ.டி.பி. எண்ணைப் படிப்பதற்கே எங்களுக்குச் சில நிமிடங்கள் பிடித்தன.

நிதி ஆயோக் வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என 12 அளவுகள் உள்ளன. 2023இல் வெளியான அறிக்கையின்படி தமிழ்நாட்டில் 2.20 விழுக்காட்டினரே அந்த வகையில் வறியவர்கள். இந்த எண்ணை நான் மறுக்கவில்லை. பசியும் கல்லாமையும் என் தாத்தா காலத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைந்திருப்பது கண்கூடு. ஆனால் இதையே சான்றாகக் காட்டி, தமிழ்நாட்டில் ஏழைகளே இல்லை, எதற்கு அரிசி என்று கேட்பவர்கள், அந்த எண் குறைந்ததில் ரேஷன் கடைக்கும் சத்துணவுக்கும் உள்ள பங்கை மறந்துவிடுகிறார்கள்.

ஏழை என்றால் ஏழையாகவே தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. கூலிக்காரர் வீட்டுக் காதுகுத்தில் பிரியாணி போட்டால் ஊதாரி என்கிறோம். அந்த விழாவில் எழுதும் மொய், பல ஊர்களில் வட்டியில்லாத கடனாகவும் சேமிப்பாகவும் சேர்ந்தே இயங்குகிறது. மொய் வைக்காதவனுக்கு அவசரத்தில் மொய் திரும்பாது. டாஸ்மாக்கில் கூலி கரைகிறதே என்பார்கள். கரைகிறது, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கணவர் குடித்துவிட்டு வரும் வீட்டில் அந்த 20 கிலோ அரிசி யாரைக் காப்பாற்றுகிறது என்பதை யோசித்தால், அது நிறுத்துவதற்கான காரணமாக இருக்காது.

வசதியானவர்களும் வாங்குகிறார்கள் என்பது மெய். கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்புக்கும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலுக்கும் காரில் வருகிறவர்கள் உண்டு. வாங்கிய அரிசியை மாட்டுக்குப் போடுகிறவர்களும் விற்கிறவர்களும் உண்டு. இதைத் தடுக்க முன்பும் முயன்றார்கள். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. பிறகு வருமானம் கூடுதலானவர்களின் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தி அரிசியை நிறுத்தும் ஏற்பாடு வந்து, 2004 மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க. தோற்ற பின் கைவிடப்பட்டது. 2017இல் அரசிதழில் வந்த விதிகளில் ஏ.சி., கார், ஆண்டு வருமானம் ஒரு இலட்சம் என்ற விலக்குகள் இருப்பதைப் பார்த்து மக்கள் பதறியதும், எல்லோருக்கும் ரேஷன் தொடரும் என்று அமைச்சர் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. யாரை நீக்குவது என்று தேடத் தொடங்கினால், காரில் வருகிறவர் எப்படியாவது ஒரு சான்றிதழ் வாங்கிவிடுவார். மூன்று அடுப்புக்கு ஒரு மீட்டர் வைத்திருப்பவரே வெளியே நிற்பார். அந்த இழப்போடு ஒப்பிட்டால், தேவையில்லாத சிலருக்கு அரிசி போவது எனக்குப் பெரிய நட்டமாகத் தெரியவில்லை.

தமக்கு அரிசி வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாகவோ, எந்தப் பொருளும் வேண்டாத அட்டையாகவோ மாற்றிக்கொள்ள இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். என் மையத்தில் அப்படிக் கேட்டு வருகிறவர்கள் மிகச் சிலர். 2019 நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு அனுமதித்தபோது வந்த கூட்டத்தில்தான், பைக்கில் வருகிறவர்களைப் பற்றி என்னிடம் ஆண்டு முழுவதும் குறைபட்டுக்கொண்டிருந்தவர்கள் சிலரைப் பார்த்தேன்.