அப்பாட மச்சான் உங்களுக்கு ஆர்?

வாசகர் கேள்வி பதில் – திருகோணமலை

கேள்வி: நான் கம்பஸ் முதலாம் வருஷம். விரிவுரையில ஒரு சேர் சொன்னார், மொழியியல், இரசாயனவியல், மானிடவியல், கணிதம் எல்லாத்துக்குள்ளயும் "உறவுக் கட்டமைப்பு" எண்ட ஒரே யோசனைதான் ஓடுதெண்டு. கேக்க நல்லாத்தான் இருந்திச்சு, அறைக்கு வந்து யோசிச்சா ஒண்டும் பிடிபடேல்ல. இது உண்மையான அறிவா, இல்லாட்டி சும்மா உவமையா? – உப்புவெளியிலிருந்து ஒரு மாணவி

பதில்: பிள்ளை, இத உங்கட வீட்டிலயே வச்சுப் பாப்பம். உங்களுக்கு ஒரு சித்தப்பா மகளும் ஒரு மாமா மகளும் இருக்கினம் எண்டு வைப்பம். ரெண்டு பேரும் உங்கள விட இளசு, ரெண்டு பேரும் ஒரே அளவு கிட்டின சொந்தம், இங்கிலீசில ரெண்டு பேரும் கசின்தான். ஆனா உங்களுக்கு ஒருத்தி தங்கச்சி, மற்றவ மச்சாள். உங்கட அண்ணன் ஒருத்தியக் கட்டலாம், மற்றவளக் கட்டுற கதையே வராது. இந்த வித்தியாசம் அந்தப் பிள்ளையளிட்ட எங்க இருக்கு? முகத்திலயா, குணத்திலயா? அவையள எவ்வளவு நேரம் உத்துப் பாத்தாலும் கிடைக்காது. அது நடுவில நிக்கிற ஆக்களிலதான் இருக்கு. உங்கட அப்பாவும் சித்தப்பாவும் ரெண்டு ஆம்பிளையள், உங்கட அம்மாவும் மாமாவும் ஒரு பொம்பிளையும் ஒரு ஆம்பிளையும், இது ஒண்டுதான் வித்தியாசம். ஒரு ஆள் ஆர் எண்டத அவரிட உள்ளுக்க தேடாம மற்றவங்களோட அவர் நிக்கிற நிலையில தேடுறது, அதுதான் உங்கட சேர் சொன்ன விஷயம்.

இப்ப இரசாயனவியலுக்கு வாங்க. காபன் அணு 2, ஐதரசன் 6, ஒட்சிசன் 1. இவ்வளவையும் ஒரு மாதிரி இணைச்சா எதனோல், 78 பாகையில கொதிக்கிற திரவம். ஒட்சிசன ரெண்டு காபனுக்கும் நடுவில வச்சு இணைச்சா டைமெதைல் ஈதர், அது சைபருக்குக் கீழ 24 பாகையிலயே கொதிச்சிரும், அதால எங்கட ஊர் வெக்கைக்கு அது வாயுவாத்தான் இருக்கும். ஒரு அணுவும் கூடேல்ல, ஒரு அணுவும் குறையேல்ல, எது எதோட பிடிச்சிருக்கு எண்டது மட்டும் மாறினது. ஏ.எல்.லில சமபகுதியம் எண்டு பாடமாக்கினது இதத்தான், ஆனா பாடமாக்கிற அவசரத்தில இது எவ்வளவு பெரிய விஷயமெண்டு கனபேருக்கு ஆரும் சொல்லிக் குடுக்கிறதில்ல, அது எனக்கு உண்மையிலயே கவலை.

மொழியில சொசூர் எண்ட சுவிஸ் அறிஞர், அவர் செத்தாப் பிறகு, மாணவர்கள் எழுதி வச்ச குறிப்புகள வச்சு, அவரோட வேலை செய்த ஆக்கள் அவரிட விரிவுரையளத் தொகுத்து 1916ல வெளியிட்டாங்க, அதில சதுரங்க உதாரணம் ஒண்டு வரும். குதிரை துலைஞ்சு போனா வேற ஏதாவது ஒண்ட, அது குதிரை மாதிரி இல்லாட்டிலும் பரவாயில்ல, அந்த இடத்தில வச்சு விளையாடலாம், மற்றக் காய்களோட அதுக்கு இருக்கிற பங்கு அதேதான். எங்கட தமிழிலயே பாருங்க, பல், பால், குறில நெடிலாக்கினா சொல்லே வேற. ஆனா "ப"வ ஒருக்கா இங்கிலீஷ் p மாதிரியும் ஒருக்கா b மாதிரியும் சொன்னா எங்களுக்குச் சொல் மாறாது, இங்கிலீஷ்காரருக்கு மாறிரும். ஒலி தனிய நிண்டு வேலை செய்யிறதில்ல.

சரி, உவமையா அறிவா எண்டு கேட்டீங்க. இதுக்கு நல்ல பாடம் எங்கட உறவுமுறையிலயே இருக்கு. லூயிஸ் ஹென்றி மோர்கன் எண்ட அமெரிக்க வக்கீல், செனெக்கா எண்ட செவ்விந்திய மக்களிட உறவுமுறைய ஆராய்ஞ்சவர். அவங்க அப்பாட சகோதரனையும் அப்பா எண்டே கூப்பிடுறாங்க, அம்மாட சகோதரனுக்கு வேற சொல், அந்த ரெண்டு பேரிட பிள்ளையளுக்கும் வேற வேற சொல். பிறகு தமிழ் உறவுப் பெயர்களிட பட்டியல் கைக்கு வந்தோடன மனுஷனுக்குப் பெரிய ஆச்சரியம், ஏனெண்டா ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்துது. 1871ல வந்த அவரிட பெரிய புத்தகத்தில இதையே சான்றா வச்சு, செவ்விந்தியர் ஆசியாவில இருந்து வந்த ஆக்கள் எண்டு முடிவு கட்டினார். அவங்கட மூதாதையர் ஆசியாவில இருந்து போனது சரிதான், ஆனா அது தெரிஞ்சது வேற சான்றுகளால. உறவுமுறை பொருந்திறதால மட்டும் ரெண்டு சனத்துக்கும் ஒரே வேர் எண்டு சொல்லேலாது, அமேசன் காட்டிலயும் எங்கட மாதிரி மச்சான் மச்சாள் முறை வச்சிருக்கிற சனங்கள் இருக்கினம்.

அதோட அந்தப் பொருத்தமும் முழுசில்ல. 1964ல லவுன்ஸ்பரி எண்ட மானிடவியல் அறிஞர் அதக் காட்டினார். உங்கட அப்பாட மச்சான, அதாவது அப்பாட மாமா மகன, நீங்க என்னெண்டு கூப்பிடுவீங்க? மாமா எண்டு. அவரிட பிள்ளை உங்களுக்கு மச்சான் இல்லாட்டி மச்சாள். செனெக்காக்காரர் அப்பிடியில்ல, அப்பாவும் அவரும் ரெண்டு பேரும் ஆம்பிளையள் எண்டபடியா அவரும் "அப்பா"தான், பிள்ளையள் சகோதரங்கள். கிட்டின சொந்தத்தில ஒண்டு போல தெரிஞ்ச ரெண்டு முறை ஒரு எட்டுத் தள்ளிப் போனோடன பிரிஞ்சிட்டுது. மோர்கன் கண்டது பொய்யில்ல, ஆனா எந்த இடத்தில பொருத்தம் முறியுதெண்டு தேடிப் பாக்க முந்தி முடிவுக்கு ஓடிட்டார்.

அதால என்ட பதில் இதுதான் பிள்ளை. ஆராவது "இதுவும் அதுவும் ஒரே கட்டமைப்பு" எண்டு சொன்னா, ஆர் ஆருக்குச் சமம், எந்த உறவு எந்த உறவுக்குச் சமம், எந்த இடத்தில முறியுது எண்டு அவரிட்டக் கேளுங்க. சொல்ல முடிஞ்சா அது அறிவு, ஏனெண்டா அதப் பிழையெண்டு காட்ட வழியிருக்கு. "எல்லாம் ஒண்டோடொண்டு தொடர்பு" எண்டு மட்டும் சொன்னா அத வச்சு ஒண்டுமே செய்யேலாது. உங்கட சேரிட்டயும் மரியாதையாக் கேளுங்க, நல்ல ஆசிரியர் எண்டா சந்தோஷப்படுவார்.

கேள்வி: பாலங்கள வச்சு ஒயிலர் எண்ட கணித அறிஞர் ஒரு கணக்குச் செய்தாராம். எங்கட பக்கம் வந்த பாலங்களுக்கும் அந்தக் கணக்கு சரி வருமா? – மூதூரிலிருந்து ஒரு ஆசிரியர்

பதில்: நல்ல கேள்வி சேர். ஐரோப்பாவில இருந்த கோனிக்ஸ்பேர்க் நகரம் ஆத்தால நாலு நிலத்துண்டாப் பிரிஞ்சு கிடந்தது, இணைக்கிறதுக்கு 7 பாலம். ஒவ்வொரு பாலத்தையும் ஒருக்கா மட்டும் கடந்து ஊரச் சுத்தேலுமா எண்டதுதான் கேள்வி. ஒயிலர் 1736ல எழுதினதில பாலத்தின்ட நீளம், ஆத்தின்ட அகலம், எல்லாத்தையும் விட்டிட்டு எது எதோட தொடுது எண்டத மட்டும் வச்சுக்கொண்டார். ஒரு நிலத்துக்குள்ள வந்தா வெளியில போக வேணும், அப்ப தொடக்கமும் முடிவும் தவிர மற்ற இடமெல்லாம் பாலங்கள் சோடியா இருக்க வேணும். ஆனா அங்க நாலு துண்டுக்கும் 5, 3, 3, 3, எல்லாம் ஒற்றை. அதால ஏலாது, நடந்து பாக்கவே தேவையில்ல.

இப்ப எங்கட பக்கம். முந்தி மூதூருக்கு வாறதெண்டா கொட்டியாரக் குடாவால லோஞ்சில வரவேணும், இல்லாட்டி கந்தளாய் போய் சேருநுவரப் பக்கத்தால சுத்தவேணும், கரையால வந்தா துறைக்குத் துறை பாதை, இப்பத்தப் பிள்ளையளுக்காகச் சொல்லுறன், அந்த வாகனம் ஏத்திற மிதவையத்தான் நாங்க பாதை எண்டு சொல்லுறது. 2009ல கிண்ணியாப் பாலம் திறந்தது, 2011ல கங்கை, இறால்குழி, உப்பாறு, வெருகல் எண்டு மற்றதுகளும் வந்தது. இத ஒயிலரிட மாதிரி கீறிப் பாருங்கோ. பாதை ஓடின காலத்திலயும் திருமலைக்கும் கிண்ணியாவுக்கும் நடுவில ஒரு கோடு, பாலம் வந்தாப் பிறகும் அதே ஒரு கோடு. படம் மாறவேயில்ல!

ஆனா எங்கட வாழ்க்கை மாறினது. ஒருக்கா ராவில காய்ச்சல் பிள்ளையத் தோளில போட்டுக்கொண்டு துறையில நிண்டிருக்கிறன், அக்கரையில லைட் தெரியுது, இக்கரையில பாதை இல்ல. அந்தக் கோட்டுக்குள்ள அந்த ரா இல்ல. அதுக்காகக் கணக்குப் பிழை எண்டு நான் சொல்ல வரேல்ல, தொடுதா தொடேல்லையா எண்டு கேட்டா அது சரியான பதிலச் சொல்லும். எவ்வளவு நேரம், எத்தின மணிக்கு மூடும், வெள்ளம் வந்தா நிக்குமா எண்டெல்லாம் கேட்டா ஒவ்வொரு கோட்டிலயும் அந்தந்த எண்ணையும் எழுதவேணும். வகுப்பில கோனிக்ஸ்பேர்க் படிப்பிக்கேக்க இதையும் சேத்துப் படிப்பிச்சுப் பாருங்கோ, எங்கட பிள்ளையளுக்கு உடன விளங்கும். எத விட்டிட்டுப் படம் கீறினம் எண்டதும் படத்தின்ட ஒரு பகுதிதான்.

கேள்வி: என்ட மகன் ஐ.ரி. படிக்கிறான். "ரிலேஷனல் டேட்டாபேஸ்" எண்டு ஒரே சொல்லுவான். அதில வாற ரிலேஷனும் இந்த உறவுதானோ? – தம்பலகாமத்திலிருந்து ஒரு அம்மா

பதில்: கிட்டத்தட்ட அதுதான் அக்கா. ரிலேஷனல் டேட்டாபேஸ் எண்டா தகவல அட்டவணையளாச் சேத்து வைக்கிற முறை. ஆனா கனபேர், படிச்ச ஆக்களும்தான், ஒரு இடத்தில பிழையா விளங்கி வச்சிருக்கினம். ஒரு அட்டவணைக்கும் மற்ற அட்டவணைக்கும் நடுவில இருக்கிற தொடுப்பத்தான் ரிலேஷன் எண்டு நினைக்கினம். ஐபிஎம்மில வேலை செய்த கொட் எண்டவர் 1970ல இத முன்வச்சது கணிதத்தில இருந்து, அதில ஒரு அட்டவணையே ஒரு உறவு, ஒவ்வொரு நிரையும் "இவை ஒண்டாச் சேரும்" எண்டு சொல்லுற ஒரு கூற்று.

மகனிட்ட ஒண்டு சொல்லிப் பாருங்க. பிள்ளை, அப்பா, அம்மா எண்டு மூண்டு நிரல் மட்டும் போட்டு உங்கட சொந்தக்காரர் எல்லாரையும், தாத்தா பாட்டி வரைக்கும், எழுதச் சொல்லுங்க. அண்ணன், சித்தப்பா, மாமா ஒண்டும் எழுதத் தேவையில்ல. அதில இருந்தே ஆர் சகோதர முறை, ஆர் மச்சான் முறை எண்டு கம்ப்யூட்டரால எடுக்கலாம், ஏனெண்டா நடுவில நிக்கிறவர் ஆணா பெண்ணா எண்டது அவர் எந்த நிரலில நிக்கிறார் எண்டதில இருந்தே தெரிஞ்சிரும். மச்சானா மச்சாளா எண்டு பிரிக்கத்தான் இன்னொரு நிரல் வேணும்.