கழுத்துவலியும் குடத்துத் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. மேசை கிடையாது, கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப். ராத்திரி இரண்டு மணி வரை போன். நாலு மாதமாகக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை இழுத்துப் பிடிக்கிறது. வலது கட்டைவிரல் அடியிலும் வலி. காலையில் அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் சத்தத்தில் விழிக்கும்போதே கழுத்தைத் திருப்ப முடிவதில்லை. குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுமாமே? முதுகை நிமிர்த்தும் பெல்ட் வாங்கலாமா? எந்தத் தலையணை நல்லது?

எம்., தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

பெல்ட் வேண்டாம். காசு மிச்சம். தலையணை எதுவானாலும் சரி, கழுத்து ஒரு பக்கமாக மடங்காமல் இருந்தால் போதும்.

அந்த 27 கிலோ, 2014இல் நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு. நிமிர்ந்தால் சுமார் ஐந்து கிலோ, 60 டிகிரி குனிந்தால் 27. எந்தப் பையனுக்கு வலித்தது, எவனுக்கு வலிக்கவில்லை என்று அதில் யாரும் பார்க்கவில்லை. காசிமேட்டில் வலை பின்னுகிறவரும் குனிந்துதான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நடுவில் எழுகிறார், வலையை இழுக்கிறார், உதறுகிறார். நீங்கள் மூன்று மணி நேரம் கட்டைவிரலை மட்டும் அசைக்கிறீர்கள். கழுத்துத் தசை தளராமல் தலையைத் தாங்கிக்கொண்டே நின்றால் சோர்ந்து வலிக்காமல் என்ன செய்யும்? போதாததற்குத் தூக்கமும் கெடுகிறது. தூக்கம் குறைந்த உடம்புக்குச் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும்.

கட்டைவிரலுக்கு ஒரு சோதனை. விரலை உள்ளங்கைக்குள் மடக்கி முஷ்டி பிடியுங்கள். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் சுரீரென்றால் தசைநாண் உறை உராய்ந்து வீங்கியிருக்கலாம். பஸ்ஸில் ஒரு கை கம்பியிலும் ஒரு கை போனிலுமாக நின்றுகொண்டு டைப் அடிப்பதை விடுங்கள். டைப் அடித்தே ஆகவேண்டுமென்றால் போனை ஒரு கையில் பிடித்து மறுகை ஆள்காட்டி விரலால் அடியுங்கள்.

லேப்டாப்பை டிரங்குப் பெட்டிமேல் வைத்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்காருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தால் எப்படி உட்கார்ந்தாலும் குற்றமில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் குடத்துச் சத்தம்தான். மூன்று மாடி ஏற்றி அதை இறக்கி வைப்பது அம்மா. இருபது வயதுப் பிள்ளை கட்டிலில் கிடந்தபடி, எந்தப் பெல்ட் வாங்கலாம் என்று யோசிக்கிறான். வெட்கமாக இல்லையா தம்பி?

பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்குச் சுமார் 15 லிட்டர், அதாவது 15 கிலோ. அம்மா அதை ஒரே இடுப்பில் வைக்கிறார். உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஒரு பக்கத்து முதுகுத் தசை மட்டும் இழுபடுகிறது. நீங்கள் அப்படித் தூக்கவேண்டாம். கைப்பிடி போட்ட பக்கெட் இரண்டு எடுங்கள். முதல் வாரம் ஒவ்வொன்றிலும் ஐந்து லிட்டர். அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு லிட்டராகக் கூட்டலாம். விளிம்புக்கு நாலு விரல் கீழேயே நிறுத்துங்கள். தளும்பினால் உடம்பைக் கோணுவீர்கள், படியும் நனையும். தேய்ந்த ரப்பர் செருப்போடு நனைந்த படியில் ஏறாதீர்கள்.

பக்கெட்டுகள் இரண்டு பக்கமும், நீங்கள் நடுவில். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலை மடக்கி, காலால் எழுந்திருங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள். தோள் காதுவரை ஏறினால் சுமை அதிகம், தண்ணீரைக் குறையுங்கள். கம்பிக் கைப்பிடி விரலை அறுக்கும், பழைய துணி சுற்றுங்கள். நாலு விரலில் தொங்கவிட்டால் கட்டைவிரலுக்கு வேலை குறையும். அப்படியும் வலித்தால் விரல் ஆறும்வரை இடது கையில் மட்டும் அரை பக்கெட்.

ஏறி இறங்க ஒரு நடைக்கு நாலு நிமிடமென்றால் ஆறு நடைக்கு 24 நிமிடம், வாரத்துக்கு 168. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. ஜிம்முக்குப் பணம் கட்டாமலே கணக்கு நேராகிவிட்டது.

தசைக்கு வேலை கொடுத்தால் வலி கூடும் என்று பயப்படாதீர்கள். அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 அலுவலக ஊழியர்களை வைத்து டென்மார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. ரப்பர் பட்டையை இழுத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்குவதுதான் பயிற்சி. பத்து வாரத்தில், நாளுக்கு 12 நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது, வெறும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது. உங்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். தோள் உயரத்துக்குமேல் தூக்கவேண்டாம்.

கைக்கு மரமரப்பு இறங்கினாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ பக்கெட்டைத் தொடாதீர்கள். நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

இன்றைக்குப் பதினோரு மணிக்குப் போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். அதற்குமுன், காலையில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது.