விலை உயர்ந்த கூலிங் கிளாஸ் கொடுத்த பணத்துக்கு உழைக்குமா?

கண்ணைக் காப்பதற்கு மட்டும் என்றால் பெரிய விலை தேவையில்லை. நெடுநாள் உழைக்க வேண்டுமானால் ஓரளவு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 4,000, 5,000 ரூபாயைத் தாண்டியபின் நாம் கொடுப்பதில் பெரும்பகுதி பெயருக்கே போகிறது என்பது என் உறுதியான கருத்து.

புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் திறன் விலையைப் பொறுத்ததன்று. பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸ் இயல்பாகவே அக்கதிர்களைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். 'யுவி 400' என்ற குறிப்பு உண்மையாக இருந்தால் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்கள் தடுக்கப்படும். இது 1,000 ரூபாய்க் கண்ணாடியிலும் கிடைக்கிறது. பர்மா பஜாரில் வாங்கும் கண்ணாடியில் அந்த ஒட்டுத்தாளை அப்படியே நம்ப முடியாது என்பதுதான் சிக்கல். கருமையால் கண்ணின் பாவை விரிய, தடுக்கப்படாத கதிர்கள் உள்ளே நுழையும் வழியும் அகலமாகிறது. லென்ஸைச் சோதித்துக் காட்டும் சிறு கருவி பல கண்ணாடிக் கடைகளில் இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் காலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கும் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கும் போலரைஸ்டு லென்ஸ் மெய்யாகவே பயன்படும், ஏனெனில் நீர்ப்பரப்பிலும் ஈரச் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியின் கூச்சத்தை வெறும் கருமை அவ்வளவாகத் தணிப்பதில்லை. அதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீணன்று.

உழைப்பு என்று வரும்போது நம் வடசென்னையில் முதல் எதிரி உப்புக் காற்று. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலையொட்டி வாழும் நமக்கு, முலாம் பூசிய மலிவான உலோகச் சட்டம் வியர்வையும் உப்பும் சேர்ந்து பச்சைக் களிம்பு பிடித்து, கீலில் உள்ள திருகாணி துருவேறி இறுகி, ஒருநாள் மடக்கும்போது முறிந்துவிடும். டைட்டானியம் அரிக்காது, அசிடேட் என்ற பிளாஸ்டிக் சட்டம் துருப்பிடிக்கும் பொருளே அன்று. ஆகவே கடையில் பெயரைப் பார்ப்பதற்கு முன் கீலைப் பாருங்கள். கீல் திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கிறதா, மூக்குத் தாங்கியும் லென்ஸும் தனியாகக் கிடைக்குமா என்பதே ஆயுளைத் தீர்மானிக்கும். விலை உயர்ந்த கண்ணாடிகளில் நான் மதிப்பதும் இந்த மாற்று உதிரிகளைத்தான்.

பெயர்களைப் பற்றிச் சொல்வதானால், ரே-பான் 1999-லும் ஓக்லி 2007-லும் இத்தாலியின் லக்சாட்டிக்கா என்ற கண்ணாடி நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. பிராடா, வெர்சாச்சே ஆகியவற்றின் பெயரில் விற்கும் கண்ணாடிகளையும் உரிமம் பெற்று அதே குழுமம்தான் செய்கிறது. ஆகவே அங்கே விலை வேறுபாட்டை வைத்துத் தர வேறுபாட்டை அளக்க முடியாது. ரே-பானின் சில வகைகளில் வரும் மெய்யான கண்ணாடி லென்ஸ் எளிதில் கீறாது, ஆனால் கீழே விழுந்தால் உடையும். இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கு நான் பாலிகார்பனேட்டையே பரிந்துரைப்பேன்.

எந்த விலையில் வாங்கினாலும், உப்பும் மணலும் படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காமல் முதலில் தண்ணீரில் அலசுங்கள். வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் மேற்பூச்சு உரிந்துவிடும்.