இரண்டாம் ஆண்டிலும் இதே உதவி கிடைக்குமா?

அமெரிக்கக் கல்லூரிகளின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் கொழும்புக் குடும்பங்களின் கேள்விகள்.

மகளுக்கு வருடத்துக்கு 20,000 டொலர் புலமைப்பரிசில். நாலு வருடமும் இதே கணக்குத்தானே?
தாய், வெள்ளவத்தை

புலமைப்பரிசில் அப்படியே இருக்கலாம், கட்டணம் இருக்காது. முதலாண்டுச் செலவு 80,000 டொலர், அது வருடந்தோறும் 4 வீதம் கூடுகிறது என்று வையுங்கள். நான்காம் ஆண்டில் செலவு ஏறத்தாழ 90,000. உங்கள் பங்கு 60,000 இலிருந்து 70,000 ஆகிவிடும். அதற்கு மேல் ரூபாயின் கதை வேறு: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ஆகவே தொகை நிலையானதா, கட்டணத்தில் இத்தனை வீதமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வீதமென்றால் கட்டணத்தோடு அதுவும் ஏறும். எத்தனை செமஸ்டருக்கு என்றும் பாருங்கள். எட்டு என்றிருந்தால் ஒன்பதாவது உங்கள் செலவு.

ஜி.பி.ஏ. (பாடங்களின் சராசரிப் புள்ளி) 3.0 க்குக் கீழே போனால் புலமைப்பரிசிலை உடனே நிறுத்திவிடுவார்களா?
மாணவன், கொட்டாஞ்சேனை

சில இடங்களில் ஒவ்வொரு செமஸ்டரும் பார்ப்பார்கள், சில இடங்களில் ஆண்டு முடிவில். பல கல்லூரிகள் ஒரு செமஸ்டர் அவகாசம் தருகின்றன. பொறியியல், மருத்துவ முன்படிப்பு எடுப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் முதல் செமஸ்டரின் கணிதத்திலும் இரசாயனவியலிலும்தான். கடைசித் திகதிக்கு முன் ஒரு பாடத்தைக் கைவிட்டால் அது ஜி.பி.ஏ. இல் சேராது. ஆனால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) வேண்டும். 15 அல்லது 16 உடன் தொடங்கினால் ஒன்றை விட்டாலும் தப்பலாம். 12 க்குக் கீழே போக நேர்ந்தால், பாடத்தை விடுவதற்கு முன்னரே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். இன்னொரு பொறி: சில புலமைப்பரிசில்களுக்கு வருடத்தில் 30 கிரெடிட் முடித்திருக்க வேண்டும்.

முதல் வருடம் எப்படியாவது கட்டிவிடுகிறோம். பிறகு உதவி கேட்கலாமா?
தந்தை, தெஹிவளை

இந்தத் திட்டத்தை நம்பிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகள் நான்கு ஆண்டும் கதவைத் திறப்பதில்லை.

மூத்தவனின் படிப்பு முடிகிறது, கணவரும் ஓய்வுபெற்றுவிட்டார். இளையவளின் உதவி மாறுமா?
தாய், பம்பலப்பிட்டி

குடும்ப நிலை பார்த்துத் தரும் உதவி என்றால் மாறலாம். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் படிப்பதைக் கணக்கில் எடுத்த கல்லூரி, ஒருவர் முடித்ததும் உங்கள் பங்கைக் கூட்டும். சில கல்லூரிகள் சி.எஸ்.எஸ். புரொஃபைலை, அதாவது குடும்ப வருமான விவரங்களை எழுதும் உதவி விண்ணப்பத்தை, வருடந்தோறும் கேட்கும், சில முதல் வருடத்தோடு விட்டுவிடும்.

அதிகம் பிழை நேர்வது ஊழியர் சேமலாப நிதியில். ஓய்வுபெற்ற ஆண்டில் மொத்தமாக வந்த பணத்தை விளக்கமின்றி எழுதினால், சம்பளம் திடீரென எகிறியதுபோல் தெரியும். இது ஒருமுறை மட்டும் வரும் ஓய்வுகாலப் பணம் என்று ஒரு பக்கக் கடிதமும், தொழில் வழங்குநரின் ஓய்வுக் கடிதமும் இணையுங்கள். நமது வரியாண்டு ஏப்ரலில் தொடங்குவதையும் அதிலேயே சொல்லுங்கள், அவர்களுடையது ஜனவரி. உதவியை மீண்டும் பரிசீலிக்கக் கேட்கும் மேன்முறையீட்டைக் கட்டணப் பில் வருவதற்கு முன்பே அனுப்புவது நல்லது.

முதலாண்டில் அள்ளிக் கொடுத்துப் பிறகு குறைக்கும் கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது?
மாணவி, கொழும்பு 13

கல்லூரிப் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடுங்கள், கல்லூரி தன்னைப் பற்றி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. அதில் எச்2 அட்டவணையைத் திறவுங்கள். ஒரு நிரலில் முதலாம் ஆண்டினரின் சராசரி உதவி, அடுத்ததில் எல்லா ஆண்டினரதும். இரண்டாவதில் முதலாம் ஆண்டினரும் அடக்கம் என்பதால் உண்மையான இடைவெளி இன்னும் பெரிது: 30,000, 27,000 என்றிருந்து, முதலாம் ஆண்டினர் கால்வாசி என்றால், மற்றவர்களுக்குச் சராசரி 26,000 தான். இந்த அட்டவணையில் அமெரிக்க மாணவர்களே பெரும்பான்மை. வெளிநாட்டவருக்கான தொகை எச்6 இல் இருக்கிறது, ஆனால் ஆண்டுவாரியாகப் பிரித்திருக்காது.

முழு உதவி என்றார்கள், பில் வந்திருக்கிறதே?
தந்தை, கல்கிசை

வரியாக இருக்கும். படிப்புக் கட்டணத்துக்கான உதவிக்கு வரியில்லை, தங்குமிடம் சாப்பாட்டுக்கான பகுதிக்கு 14 வீதம் பிடிப்பார்கள். அந்தப் பகுதி 18,000 டொலர் என்றால் 2,520. மகன் அடுத்த வருடம் 1040-என்.ஆர். என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பும்போது கணக்குப் பார்த்து, கூடுதலாகப் பிடித்தது இருந்தால் திரும்ப வாங்கலாம். அறைத்தோழன் இந்தியாவிலிருந்து வந்தவன் என்றால் அவனுடைய படிவத்தைப் பார்த்து எழுத வேண்டாம். இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தில் கிடைக்கும் நிலையான கழிவு நமக்கில்லை.