மணல் திட்டில் உட்காரலாம், படுக்கக் கூடாது: மலையடிவார ஆற்றோரம் டென்ட் போடுபவர்களுக்கு

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் முடிந்து வரும் வார இறுதியில் இரண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்க ஆசை. நான், மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன், கூடவே என் மைத்துனர். பெரியகுளம் பக்கம், சோத்துப்பாறை அணைக்குக் கீழே, வராக நதியை ஒட்டி நண்பருக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தோப்பின் ஓரத்தில் பாய் விரித்த மாதிரி ஒரு மணல் திட்டு. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அங்கேயே போடலாம் என்கிறார் நண்பர். மறுநாள் வைகை அணைத் தண்ணீர் ஓரம் தங்கலாமா என்றும் யோசனை. ‘4 பேர் டென்ட்’ ஒன்று வாங்கிவிட்டோம். மனைவிக்குப் பாம்பை நினைத்துத்தான் பயம். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: நல்ல மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், மாசி பங்குனியின் வெயில் இன்னும் தொடங்கியிருக்காது. தோப்பும் நண்பருடையது என்பதால் அனுமதிப் பிரச்சினை இல்லை. இடம்தான் தவறு. அந்த மணல் திட்டில் டென்ட் போடாதீர்கள்.

அந்த மணலை அங்கே கொண்டுவந்து பரப்பியது ஆறுதான். அவ்வளவு சமமாக, கல் முள் இல்லாமல், பாய் விரித்த மாதிரி ஓர் இடம் ஆற்றோரம் இருந்தால், வெள்ளம் வந்து படுத்துவிட்டுப் போன இடம் அது. அடுத்த முறையும் முதலில் அங்கேதான் வரும். மலையடிவாரத்தில் ஆபத்தான இடமும் அழகான இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பெரியகுளம் சுமார் 300 மீட்டர். இரண்டுக்கும் நேர்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட இல்லை. அவ்வளவு உயரம் அவ்வளவு குறுகிய தூரத்தில் இறங்குகிறது என்றால், மேலே பெய்கிற மழை நிதானமாக நடந்து வராது, ஓடி வரும். கீழே வானம் வெறிச்சென்று நட்சத்திரத்தோடு இருக்கும், ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு வந்துவிடும். பக்கத்திலேயே கும்பக்கரை அருவியில் கீழே ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் குளிக்கத் தடை போடுவதை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது பட்டப்பகலில். விழித்திருந்த கூட்டத்துக்கே சில நொடிகள்தான் கிடைத்தன. ஜிப் போட்ட டென்ட்டுக்குள் தூங்குகிறவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் இடத்துக்கு இன்னொரு விஷயமும் உண்டு. சோத்துப்பாறை அணையின் முழு உயரம் 126.28 அடி. அது நிரம்பிவிட்டால் உபரி நீர் நேராக வராக நதியில்தான் வழிகிறது. அணை நிறைந்து நிற்கும் நாட்களில் மேலே ஒரு நல்ல மழை பெய்தாலும் அது தங்க இடமில்லை. அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் நாளிதழின் தேனிப் பக்கத்தில் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். வானிலை பார்க்கும்போது பெரியகுளத்துக்குப் பார்க்காதீர்கள், கொடைக்கானலுக்குப் பாருங்கள். அணை நிறைந்து, கொடைக்கானலுக்கு மழையும் சொல்லியிருந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். பிள்ளைகள் முகம் சுருங்கும், பரவாயில்லை.

சரி, எங்கே போடுவது? தோப்புக்குப் போனதும் சாமான்களை இறக்குவதற்கு முன் ஆற்றங்கரையில் கால் மணி நேரம் நடங்கள். வெள்ளம் எதுவரை வந்தது என்று ஆறே எழுதி வைத்திருக்கும். கரையோரப் புதர்களில் செத்தையும் பிளாஸ்டிக் பையும் எந்த உயரத்தில் மாட்டியிருக்கின்றன? நாணல் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறது? மருத மரத்தின் அடியில் சேற்றுக் கறை எதுவரை? வேர்கள் எங்கே மண் அரித்து வெளியே தெரிகின்றன? இந்த அடையாளங்களில் மிக உயரமானதைக் கண்டுபிடித்து, அதைவிட ஓர் ஆள் உயரமாவது மேட்டில், தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். தூரத்தைவிட உயரம் முக்கியம். நூறு மீட்டர் தள்ளியும் ஆற்று மட்டத்திலேயே இருந்தால் பயனில்லை. தோப்பில் வேலை பார்க்கும் பெரியவர் யாராவது இருந்தால், ‘இதுவரை அதிகமாகத் தண்ணீர் வந்தது எந்த வரப்பு வரைக்கும்?’ என்று கேளுங்கள். அவர் கை காட்டும் வரப்புக்கு மேல் வரப்பு உங்களுடையது.

ஒன்று மட்டும் கூடுதலாக. இருட்டில் அந்த மேட்டிலிருந்து இன்னும் மேலே போக வழி இருக்க வேண்டும். பின்னால் ஓடை, முன்னால் ஆறு என்று நடுவில் தீவு மாதிரி இருக்கும் மேடு வேண்டாம். பகலிலேயே அந்த வழியில் பிள்ளைகளை ஒரு முறை நடத்திக் காட்டுங்கள்.

மணல் திட்டைப் பகலில் தாராளமாக அனுபவியுங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள், பிள்ளைகள் வீடு கட்டி விளையாடட்டும். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்லி மகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், ஆற்றின் சத்தம் மாறினால், செருப்பைக்கூடத் தேடாமல் மேடேறிவிட வேண்டும். மழை நாளில் தண்ணீர் காரணமில்லாமல் சட்டென்று குறைந்தாலும் அப்படித்தான். மேலே எங்கோ மரமோ மண்ணோ சரிந்து அடைத்திருக்கலாம், அது உடைந்தால் மொத்தமாக வரும். பல வருடங்களுக்கு முன் ஒரு முகாமில் எங்களுடைய சமையல் சாமான்கள் மொத்தத்தையும் ஓர் ஓடை கொண்டுபோனது. நாங்கள் மேட்டில் இருந்தோம், அடுப்பை மட்டும் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அன்று நான் முதலில் கவனித்தது சத்தத்தைத்தான். சலசலவென்று கேட்டுக்கொண்டிருந்த ஓடை அடித்தொண்டையில் உறும ஆரம்பித்தது. அன்றிலிருந்து, ராத்திரி தண்ணீர்ச் சத்தம் காதில் விழாத அளவுக்குப் பாட்டுப் போடுபவர்களை என் குழுவில் சேர்ப்பதில்லை.

மேடு கிடைத்துவிட்டது என்று எந்த மரத்தடியிலும் போட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கம் மாந்தோப்போடு தென்னையும் இருக்கும். தென்னைக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம், காயும் மட்டையும் நேரம் பார்த்து விழுவதில்லை. மாமரத்திலும் காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அப்புறம் வேலி. காட்டுப்பன்றிக்காகச் சில இடங்களில் மின்வேலி போட்டிருப்பார்கள். சட்டத்துக்குப் புறம்பாக நேரடி மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மனிதர்களும் யானைகளும் இறந்திருக்கிறார்கள். உங்கள் நண்பரிடம் மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் விசாரித்து, இருட்டிய பிறகு யாரும் எல்லை தாண்டக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ‘4 பேர் டென்ட்’டில் நான்கு பேர் படுக்கலாம், பைகளுக்கு இடம் இருக்காது, யாரும் புரள முடியாது. நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் நீங்கள் நால்வரும் சமாளிக்கலாம். மைத்துனருக்குத் தனியாக ஒரு சின்ன டென்ட் கடன் வாங்கிவிடுங்கள். துணியின் நீர் தாங்கும் திறன் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும். மேல்துணிக்கு 1,500, தரைக்கு 3,000 இருந்தால் நம் ஊர் மழைக்குப் போதும். அடியில் தார்ப்பாய் விரிப்பீர்கள் அல்லவா? அது டென்ட்டைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைத் தண்ணீரை வாங்கி நேராக உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். முளைகளைச் செங்குத்தாக அடிக்காமல், தலை டென்ட்டைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். மண் பொலபொலவென்று இருந்தால் முளை நிற்காது. சின்னப் பைகளில் மண்ணை நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்தால் அசையாது. ஆடியில் வருவதாக இருந்தால் கம்பம் பள்ளத்தாக்குக் காற்றைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதியிருப்பேன். தை மாதத்தில் அந்தக் கவலை குறைவு.

தை மாதத்தின் தொல்லை பனி. விடியற்காலையில் டென்ட்டின் உள்பக்கம் நனைந்திருக்கும், ‘ஒழுகுகிறது’ என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அது உங்கள் மூச்சு. நான்கு பேர் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து சொட்டுகிறது. தண்ணீருக்குப் பக்கத்தில் போகப் போக இது அதிகமாகும். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவில் வழிந்து ஆற்றுப் பள்ளத்தில் போய்த் தங்கும். மேட்டில் படுப்பவர்களுக்கு இதனால் குளிரும் ஈரமும் குறையும். கொசுவலை மட்டும் மூடியிருக்க, சன்னலையும் மேல்துணியின் காற்றோட்ட வாயையும் திறந்து வையுங்கள். குளிருகிறது என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள் ஒரு நிமிடம்கூடக் கொண்டுபோகக் கூடாது. வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். வெளியே ‘கேம்ப் ஃபயர்’ மூட்டுவதானால் புல் இல்லாத வெற்று மண்ணில், சின்னதாக, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரோடு. படுக்கும் முன் சாம்பலைக் கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு நனைத்து அணைத்துவிடுங்கள். இதே தேனி மாவட்டத்தில், போடிக்கு மேலே குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீ எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இதில் டென்ட் உங்கள் பக்கம். நம் ஊரில் தரையில் படுத்திருப்பவர்களை ராத்திரியில் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். தரையோடு தைத்த, ஜிப் முழுதாக மூடிய டென்ட்டுக்குள் அது வர முடியாது. வெறும் பாயில், வெறும் திண்ணையில் படுப்பதைவிட இது பாதுகாப்பு. ஜிப்பை விரல் அளவுகூடத் திறந்து வைக்கக் கூடாது. செருப்பையும் ஷூவையும் உள்ளே ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் வெளியே போனால் டார்ச்சும் ஷூவும் இல்லாமல் போகாதீர்கள், விறகுக் குவியலில் கைவிடாதீர்கள். சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்கக் கூடாது. அதற்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வாழைப்பழச் சீப்பைக் காரில் பூட்டிவிடுங்கள், அது பன்றிக்கும் குரங்குக்கும் அழைப்பு.

கட்டுவிரியன் கடி சில சமயம் வலிக்கவே வலிக்காது, அடையாளமும் தெரியாது. ராத்திரியில் எழுந்து ஒருவர் வயிற்று வலி என்றாலோ, கண் இமை தானாக இறங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அல்லது உங்கள் காரிலேயே பெரியகுளம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காரை வெளியே போகும் திசையில் திருப்பி நிறுத்தி, சாவி எங்கே என்று பெரியவர்கள் மூவருக்கும் தெரிந்திருக்கட்டும். போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள்.

பாம்பைவிடக் குறைவாகப் பேசப்படுவது புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சியால் வரும் உண்ணிக் காய்ச்சல். புல்லில் நேரடியாகப் படுக்காமல், முழுக்கால் உடை போட்டிருந்தாலே பெரும்பாலும் தப்பிக்கலாம். வீடு திரும்பி மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ‘ஆற்றோரம் புதர்ப் பக்கம் தங்கினோம்’ என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்புகளில் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகிற நோய் இது. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமானால் வெள்ளைத் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான்.

இரண்டாம் நாள் வைகை அணை யோசனையை விட்டுவிடுங்கள். நீர்த்தேக்கப் பகுதி அரசு நிலம், இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது. அதுவும் போக, தேங்கிய தண்ணீரின் ஓரம் ஆற்றைவிட ஏமாற்றும். மேலே வெடித்துக் காய்ந்த களிமண் தெரியும், ஒரு காலடியில் முழங்கால் வரை உள்ளே போகும். 71 அடி அணையில் 66, 68.5, 69 அடிகளில் வெள்ள எச்சரிக்கை கொடுக்கிறார்கள். அது ஆற்றின் கீழ்ப்பக்கத்து மக்களுக்கு. உள்ளே ஓரத்தில் படுத்திருப்பவரை நோக்கி மட்டம் சத்தமே இல்லாமல் ஏறும். கண்மாய்களிலும் இதேதான்: தண்ணீர் தேங்கும் உள்வாயில் வேண்டாம், உபரி நீர் வழியும் கலுங்குக்குக் கீழே வேண்டாம். நீர்நிலை பார்க்கத்தான் வேண்டும் என்றால் சாயங்காலம் அணைப் பூங்காவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, ராத்திரிக்குத் தோப்புக்கே திரும்புங்கள். மலைப்பக்கமாக ஏறிக் காட்டுக்குள் தங்கலாம் என்ற எண்ணம் வந்தால் அதுவும் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நடக்க ஆசையென்றால் வனத்துறை 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பதிவுசெய்து, வழிகாட்டியோடு போகலாம்.

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை வீட்டு மொட்டை மாடியில் டென்ட்டை ஒரு முறை போட்டுப் பாருங்கள். முளைக்குப் பதில் மூலைகளில் செங்கல் வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். அன்று ராத்திரி பிள்ளைகளை அதிலேயே படுக்கவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, ஜிப்பைத் தடவிக் கண்டுபிடித்து இருவரும் தாங்களாகவே வெளியே வரப் பழகட்டும். உங்கள் மகனுக்கு முதல் தடவை ஒரு நிமிடம் ஆகலாம். பத்து நொடிக்குள் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.