அலமாரியில் தேங்கிக் கிடக்கும் மளிகைச் சாமான்களை எப்படித் தீர்ப்பது?

அரை பாக்கெட் தினை, கொஞ்சம் கொள்ளு, பழைய கொண்டைக்கடலை, கம்பு மாவு, ஜவ்வரிசி, சுண்டைக்காய் வற்றல் என்று அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கின்றன, தூக்கிப் போடவும் மனமில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனம் வராதது நல்லதுதான். அவற்றில் பெரும்பாலானவை இன்னும் சாப்பிடும்படியாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு புதுச் சமையல் குறிப்பைத் தேடிப் போகாதீர்கள். தினை லட்டு செய்யலாம் என்று கிளம்பினால் நாட்டுச் சர்க்கரையும் முந்திரியும் வாங்க வேண்டிவரும், அதிலும் பாதி மிஞ்சும். ஒன்றைத் தீர்க்கப் போய் இரண்டு பாக்கெட் உள்ளே வந்துவிடும். எனக்குப் பலித்த வழி வேறு. வீட்டில் எல்லாரும் முகம் சுளிக்காமல் சாப்பிடும் நாலைந்து பண்டங்கள் இருக்குமே, அடை, கரைத்த மாவு தோசை, பொங்கல், பருப்புப் பொடி மாதிரி, அவற்றுக்குள் இந்தப் பொருட்களை நுழைத்துவிடுவது. அடைக்கு என்ன பருப்பு போட்டீர்கள் என்று சாப்பிடுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

அதற்கு முன் ஒரு காலையில் எல்லா டப்பாக்களையும் இறக்கித் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' என்று போட்டிருந்தால் அது சுவைக்கும் தரத்துக்கும் உள்ள கெடு. தேதி தாண்டிய பருப்பும் அரிசியும் நன்றாக வைத்திருந்தால் சாப்பிடலாம். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்று இருந்து அந்தத் தேதி போய்விட்டால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இருப்பதிலேயே அவசரமானவை மாவுகள். முழுத் தானியத்துக்குள் கொழுப்பு காற்றுப் படாமல் அடைபட்டிருக்கும். அரைத்துவிட்டால் அந்தக் காவல் போய்விடுகிறது, சிக்கு வாடை வரத் தொடங்கும். அதிலும் கம்பு மோசம். 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு, ராகியில் 2 கிராமுக்கும் குறைவு, தீட்டிய அரிசியில் ஒரு கிராம்கூடத் தேறாது. அதனால்தான் அரிசி மாவு மாதக்கணக்கில் தாங்குகிறது, கம்பு மாவு சில வாரங்களிலேயே கசக்கிறது. உங்கள் கம்பு மாவில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வையுங்கள். கசந்தால் கொட்டிவிடுங்கள், வெல்லம் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. நன்றாக இருந்தால் இந்த வாரமே தீர்த்துவிட வேண்டியது.

மாவுகளைத் தீர்க்கக் கரைத்த மாவு தோசையைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஒரு கப் ரவை, ஒரு கப் அரிசி மாவு, இவை இரண்டும் நிலையானவை. மூன்றாவதாக அரை கப்பிலிருந்து ஒரு கப் வரை கம்பு, ராகி, சோளம், மைதா, பொடித்த ஓட்ஸ் என்று எது மிஞ்சியிருக்கிறதோ அது. புளித்த மோர் விட்டு நீர்மோர் பதத்துக்குக் கரையுங்கள். பச்சை மிளகாய், இஞ்சி, மிளகு, சீரகம், பொடியாக நறுக்கிய வெங்காயம். இருபது நிமிடம் ஊறிய பிறகு, கல் நன்றாகக் காய்ந்ததும் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்ற வேண்டும், கரண்டியால் தேய்க்கக் கூடாது. மாவு கெட்டியானால் தோசை வெள்ளையாகத் தடித்துப் போகும், அப்போது தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய மைதாவெல்லாம் எங்கள் வீட்டில் இதில்தான் கரைகிறது. கடலை மாவு மட்டும் மிஞ்சினால் பூரிக்குப் பாம்பே சட்னி. இரண்டு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்து, வதங்கிய வெங்காயத்தில் ஊற்றிப் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டால் ஆயிற்று.

அடுத்து பயறுகள். நவராத்திரிக்கு ஒன்பது நாள் சுண்டலுக்கென்று வாங்கிய கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி, பச்சைப் பட்டாணி எல்லாம் ஒவ்வொரு கைப்பிடி மிஞ்சி அடுத்த நவராத்திரி வரை கிடக்கும். கெட்டுப்போவதில்லை, ஆனால் வேகாது. நம் ஊர் வெக்கையிலும் ஈரக் காற்றிலும் வெகுநாள் இருந்த கடலையில் கல் போன்ற ஒரு கெட்டித்தன்மை வந்துவிடுகிறது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் இறுகிப் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எத்தனை விசில் விட்டாலும் கடலை கடலையாகவே நிற்கும். இதற்கு உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதுதான் வைத்தியம். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு வேகவையுங்கள். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும் வீடுகளில் வேகவைக்க மட்டுமாவது குடிநீரை எடுங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் உதவும், கூடினால் சோப்புச் சுவை வரும். புளி, தக்காளி எதுவானாலும் கடலை மெத்தென்று ஆன பிறகே. புளிப்பு முன்னால் போனால் வேக்காடு நின்றுவிடும்.

அப்படியும் வேகாது என்று தோன்றுகிற அளவுக்குப் பழசா? ஊறவைத்து வேகவைக்காமலே கொரகொரப்பாக அரைத்து வடை தட்டுங்கள். சோம்பு, பூண்டு, வெங்காயம், கொத்தமல்லி சேர்த்தால் மசால் வடைக்கு ஈடாக நிற்கும்.

மற்ற பருப்புகளெல்லாம் அடைக்குள் போகட்டும். ஒரு கப் அரிசி, ஒரு கப் கலப்புப் பருப்பு. கடலைப்பருப்பு கூடினால் அடை முரடாகும், ஒரு கைப்பிடி உளுந்து சேர்த்தால் சரியாகிவிடும். காராமணி, பச்சைப்பயறு, கொள்ளு என்று முழுப் பயறு சேர்ந்தால் முதல் நாள் இரவே ஊறவைத்துவிடுங்கள். காய்ந்த மிளகாய், இஞ்சி, பெருங்காயம், உப்பு போட்டு ரவைப் பதத்துக்கு அரைத்து, முருங்கைக்கீரை கிடைத்தால் உருவிப் போட்டு, நடுவில் குழி போட்டு எண்ணெய் விட்டு நிதானமாக எடுக்க வேண்டியதுதான். ஒன்றை மட்டும் அடையில் சேர்க்காதீர்கள், ராஜ்மா. பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் கொண்டுவரும். ஊறவைத்துத் தண்ணீர் மாற்றி, நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைத்தால்தான் அது அழியும். தோசைக்கல் சூட்டில் அரைகுறையாக வெந்ததை நம்ப முடியாது.

கொள்ளுக்கு எங்கள் கொங்குப் பக்கத்தில் தனி மரியாதை உண்டு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பேச்சை நம்பி ஒரு கிலோ வாங்கி, ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திய வீடுகள் நிறைய. இளைப்பதற்காகச் சாப்பிட்டால் அலுத்துத்தான் போகும். கடைந்து சாப்பிட்டுப் பாருங்கள். வெறும் சட்டியில் வறுத்து, ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய், தக்காளி வதக்கிச் சேர்த்து மத்தால் கடைய வேண்டும். வடித்த தண்ணீர் ரசத்துக்கு. சூடான சோற்றில் நல்லெண்ணெயோடு இதைப் பிசைந்து சாப்பிட்டவர்கள் மறுபடியும் கேட்பார்கள். பாக்கெட் காலியாவது அதற்கப்புறம் தன்னால் நடக்கும்.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதையொட்டிய பேச்சில் தினை, சாமை, குதிரைவாலி, வரகு என்று எல்லாரும் அள்ளி வாங்கினோம். இவை உமி நீக்கி வந்தவை, அதனால் அரிசி அளவுக்குத் தாங்காது. முகர்ந்து நன்றாக இருந்தால் பொங்கல்தான் சுலபம். ஒரு கப் தானியம், கால் கப்புக்குச் சற்றுக் கூடுதலாக வறுத்த பாசிப்பருப்பு, நாலு கப் தண்ணீர். தானியத்தின் அளவு அதற்குப் போதாவிட்டால் பச்சரிசியோடு கலந்துவிடுங்கள். இட்லிக்கு ஊறவைக்கும் அரிசியில் கால் பங்கை எடுத்துவிட்டு இதைப் போட்டாலும் இட்லி ஏமாற்றாது.

பூஞ்சை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடித்தால் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது, ஈரலைத் தாக்கும். வரகிலும் பூஞ்சை பிடித்தால் நஞ்சு உண்டாகலாம். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 10 யானைகள் இறந்தன. பூஞ்சை தாக்கிய வரகுப் பயிரைத் தின்றதே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. அதனால் பூஞ்சை பிடித்ததை மாட்டுக்கும் கோழிக்கும்கூட வைக்காதீர்கள்.

வண்டு வேறு கதை. அரிசியில் நாலு வண்டு ஓடினால் புடைத்துக் கழுவிச் சமைக்கலாம். பருப்பை வெயிலில் போடலாம், அரிசியை நிழலில் காற்றாட விரிப்பது நல்லது, வெயிலில் காய்ந்தால் வேகும்போது நொறுங்கும். ரவையிலும் மாவிலும் கூடு கட்டியிருந்தால் வைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பொருளை இனி வண்டிடமிருந்து காப்பாற்ற, ஃப்ரீசரில் நாலைந்து நாள் வைத்து எடுத்தால் முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் குளிர் விட்ட பிறகு திறங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

பட்டை, கிராம்பு, தனியா போன்றவற்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் வாசம் வர வேண்டும். வராவிட்டால் குழம்பிலும் வராது.

சுண்டைக்காய் வற்றலை வத்தக்குழம்புக்கே காத்திருக்க வைக்காமல் அங்காயப் பொடி செய்யுங்கள். சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, தனியா, மிளகு, சீரகம், சுக்கு, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. இவற்றில் பலதும் அலமாரியின் பின்வரிசையில் கிடப்பவைதான். தனித்தனியாக வறுத்துப் பொடித்தால் ஒரே பாட்டிலில் ஏழெட்டு டப்பா அடங்கிவிடும். மந்தமான வயிற்றுக்குச் சோற்றில் நெய் விட்டு ஒரு ஸ்பூன் போதும்.

ஜவ்வரிசியைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்துதான், ஈரம் படாவிட்டால் அவசரமில்லை. அளவு கொஞ்சமாக இருந்தால் பாயசம். நிறைய இருந்து, மொட்டை மாடியும் சித்திரை வெயிலும் கிடைத்தால் வடாம் போடுங்கள். ஒரு கப் ஜவ்வரிசியை இரவு ஊறவைத்து, ஐந்தாறு கப் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சைச் சாறு சேர்த்து, பிளாஸ்டிக் தாளில் கரண்டியால் சின்னச் சின்னதாக ஊற்றிக் காயவைக்க வேண்டும். காயும்போது உப்பு ஏறும், அதனால் கூழை ருசி பார்க்கையில் உப்பு ஒரு மாற்று குறைவாகவே இருக்கட்டும்.