அந்த 'டக்' சத்தம் எலும்பு ஏறிய சத்தமா?

கேள்வி: இணுவிலில் வெங்காயத் தோட்டம் செய்யும் என் கணவருக்கு 45 வயது. மூன்று கிழமைக்கு முன் மூட்டை தூக்கும்போது நாரி (இடுப்புப் பக்க முதுகு) பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எழும்ப விடாமல் படுக்க வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா, "முள்ளந்தண்டைக் கையால் அழுத்தி எடுத்துவிடும் கைரோபிராக்டரிடம் போனால் டக்கென்று எலும்பு இடத்துக்கு வந்துவிடும்" என்கிறார். இங்கே அப்படி எடுத்துவிடும் ஒருவரிடம் காட்டலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதே சத்தம்தான். முள்ளெலும்புகளின் பின்புறம் இரு பக்கமும் சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. உள்ளே வழுவழுப்பான திரவம். சட்டென்று அழுத்தி மூட்டை விரிக்கும்போது உள்ளமுக்கம் குறைந்து, திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகிறது. அதன் சத்தம்தான் 'டக்'. நெட்டி முறித்த விரலை உடனே திரும்ப முறித்துப் பாருங்கள், சத்தம் வராது. இருபது நிமிடமளவில் போக வேண்டும். எலும்பு எதுவும் விலகியிருக்கவில்லை, ஏறவும் இல்லை. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தால், அது உள்ளே போவதும் இல்லை.

அப்படியானால் அண்ணா சொன்ன சுகம் பொய்யா? இல்லை. அந்த அழுத்தம் மூட்டிலும் தசையிலும் உள்ள நரம்புகளைத் தூண்ட, இறுகிய தசை தளர்ந்து நோ கொஞ்சம் மட்டுப்படுகிறது. பயம் விட்டு ஆள் குனிந்து நிமிரத் தொடங்குகிறார். எனக்கு அதுதான் பெரிய பலனாகத் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாட்பட்ட நாரி நோவுக்கான வழிகளில் இதையும் சேர்த்தது. ஆனால் சுகம் அளவானதுதான். முறையான உடற்பயிற்சி தருவதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

எனக்குக் கவலை தருவது அவரைப் படுக்க வைத்திருப்பதுதான். படுத்தே கிடந்தால் நாரி இன்னும் இறுகும். இன்றைக்கே எழுப்பி நடக்க விடுங்கள். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள். சாதாரண நாரிப்பிடிப்பு பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே குறையும்.

அதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். சிறுநீர் அடைபடுகிறதா, தெரியாமல் போகிறதா? கால்களுக்கு இடையில் உணர்ச்சியில்லாமல் மரத்துப்போவது, காலில் பலக்குறைவு இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் யாரும் நாரியில் கைவைக்க விடாமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய், எலும்புத் தேய்வு என்று ஏதும் இருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் எடுத்துவிடும் வேலை வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால், தகுதி பெற்ற இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவரிடம் காட்டலாம். தேவையென்று கண்டால் அவரே நாரியை எடுத்துவிடுவார், பயிற்சியும் சொல்லித்தருவார். ஆனால் கழுத்தைத் திருக மட்டும் விடாதீர்கள். அரிதாக, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. நாரி நோவுக்கு வந்தவரின் கழுத்தைத் தொட வேண்டிய தேவையும் இல்லை.

வெங்காய மூட்டையை இன்னும் சில கிழமைக்கு வேறு யாராவது தூக்கட்டும். அவர் காலையும் மாலையும் தோட்டத்தைச் சுற்றி நடந்து வரட்டும், நீங்களும் கூடப் போங்கள்.